மாதா கெபியைச் சுற்றிப்போன கேபிள்

காதலை மீட்டர் கணக்கில் சொல்லச் சொன்னால் சொல்லக்கூடிய பெண்பிள்ளை இந்தப் புதுச்சேரியில் நான் ஒருத்திதான் இருப்பேன். முப்பத்து நான்கு மீட்டர். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. டேப் பிடித்து, சுவரில் ஏறி இறங்குகிற இடங்களையும் சேர்த்து, நோட்டில் எழுதிவைத்த கணக்கு. (நோட்டு எங்கேயோ தொலைந்துவிட்டது. கணக்கு தொலைய மாட்டேன் என்கிறது.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டுத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை அறை. முழு அறையில் பாலு சாரும் இரண்டு கம்ப்யூட்டர்களும் இருப்பார்கள். அரை அறையில் நானும் கேபிள் சுருள்களும். பாலு சார்தான் ஓனர், மேனேஜர், டிரைவர். மீதி எல்லாம் நான்.

எங்கள் தொழில் கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு ஒன்றோடொன்று இணைப்பது. இதை என் மகளிடம் சொன்னால், "எதுக்கும்மா ஒயரு?" என்கிறாள். அவள் பிறந்தபோதே கம்ப்யூட்டர்கள் காற்றிலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. எங்கள் காலத்தில் பென்சில் தடிமனில் ஒரு கறுப்புக் கேபிள் உண்டு. பூ தொடுக்கிற நார் மாதிரி அது முதல் கம்ப்யூட்டரில் புறப்பட்டு, இரண்டாவதைத் தொட்டு, மூன்றாவதைத் தொட்டுக் கடைசி வரைக்கும் போகும். இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நுனியளவு ஒரு மூடி போட்டுத் திருக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கழன்றாலும் அத்தனை கம்ப்யூட்டரும் ஊமையாகிவிடும்.

அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. மொத்தக் கேபிளும் நூற்றெண்பத்தைந்து மீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இந்த முனையில் பேசுவது அந்த முனைக்குச் சரியாகக் கேட்காது, கேட்கவில்லையே என்று அதுவும் பேச ஆரம்பிக்கும், ஆளாளுக்குக் குறுக்கே பேசிக் குடும்பச் சண்டை மாதிரி ஆகிவிடும். நீளத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டியைப் பாலு சார் கேட்டலாக்கில் படமாகத்தான் பார்த்திருந்தார்.

நூற்றெண்பத்தைந்து! இருநூறு என்று முழுசாகச் சொல்லியிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். ஆனால் எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. ஆறு பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கும் டெம்போவில் பதினோராவது ஆளாகத் தொற்றிக்கொண்டுதான் நான் நெல்லித்தோப்பிலிருந்து தினமும் வேலைக்குப் போனேன். ஒரு நாளாவது அந்த டெம்போ நடுவழியில் நின்றதா? நிற்கவில்லை. வெள்ளைக்காரன் பயந்தாங்கொள்ளி, எதையும் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

தொழிற்பேட்டையிலேயே ஒரு மூடிக் கம்பெனி இருந்தது. மருந்து பாட்டிலுக்கு அலுமினிய மூடி அடிக்கிற இடம். அதன் முதலாளியை வேலையாட்கள் எல்லோரும் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் ஊரில் சில ஐயாமார்கள் இப்படி முசேயாகவே மிச்சம் இருந்தார்கள். நல்ல மனுஷர், கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பவர். கம்பெனி வளாகத்தின் நட்டநடுவில் கருங்கல்லால் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சிலை வைத்திருந்தார். நாங்கள் அதைக் கெபி என்போம். வேலைக்கு வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மெஷினுக்குப் போவார்கள்.

அந்தக் கம்பெனிக்கு ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிக் கேபிள் போடுகிற வேலை எங்களுக்குக் கிடைத்தது. முன் ஆபீசில் இரண்டு, கணக்குப் பிரிவில் ஒன்று, பரிசோதனை அறையில் ஒன்று, பின்வாசலில் சரக்கு அனுப்புகிற இடத்தில் ஒன்று. நான் போய் அளந்தேன். நேராகப் போனால் நூற்று நாற்பத்தாறு மீட்டர். பாலு சார் சந்தோஷத்தில் எனக்கு வடையோடு டீ வாங்கிக் கொடுத்தார். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் தொழிற்பேட்டையில் இருக்கிற மற்ற முதலாளிகளும் கூப்பிடுவார்கள் என்று அவருக்குக் கனவு. நூற்று நாற்பத்தாறிலேயே அவர் கனவு பலித்திருக்கும். இரண்டாம் நாள் நான் லூயியைப் பார்த்துத் தொலைத்தேன்.

லூயி அந்தக் கம்பெனியின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். ஸ்டோர்ஸ் எங்கள் கேபிள் பாதையிலேயே இல்லை, இடதுபக்கமாகத் தள்ளியிருந்த ஓட்டுக் கட்டடம். ஏணி கேட்கப் போனேன். அவர் மூடி மூட்டைகளைப் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். அந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அக்கா ஏற்கெனவே பிரான்சுக்குப் போய்விட்டாள். இவருடைய பேப்பர்களில் ஏதோ பெயர்ப் பிரச்சினை, அது சரியாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். சாயந்திரம் பிரெஞ்சு வகுப்பு. அதனால்தான் மூட்டை எண்ணும்போதுகூடப் பாடம் ஒப்பிக்கிறார். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பத்து வரைக்கும் நானும் கற்றுக்கொண்டேன். (அதற்குமேல் ஒரு அடுக்கில் மூட்டை இருக்காது.)

அவர் ஏழு போட்டால் வயிற்றில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். ஒன்று போட்டால் தலையில் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். கணக்குப் பிரிவில் அந்த ஒன்றை ஏழு என்று படித்து மாதம் ஒரு சண்டை. எனக்கோ அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. இருபத்து மூன்று வயதில் மனுஷிக்குப் புத்தி எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்!

ஏணியைக் கொடுத்ததோடு நிற்காமல் கூடவே வந்து பிடித்துக்கொண்டார். நான் மேலே ஏறினதும் முகத்தைத் திருப்பிக் கெபியைப் பார்த்தபடி நின்றுவிடுவார், மேலே நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். கீழே நிற்கிற ஆண்பிள்ளை மேலே பார்க்கிறானா என்று கவனித்துக் கவனித்தே வேலை செய்து பழகியிருந்த எனக்கு, பார்க்காத ஒருத்தரைப் பார்த்ததும் சுத்தியல் கைதவறி விழுந்தது. அவர் காலில்தான் விழுந்தது. "பரவால்ல மிஸ்," என்றார் நொண்டிக்கொண்டே.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேபிள் வேலை பத்து நாளில் முடிந்துவிடும். அதற்கப்புறம் வயசுப் பெண் ஒருத்தி ஒரு கம்பெனி வாசலில் போய் நின்று, "ஸ்டோர்ஸ் லூயியைப் பார்க்கணும்" என்றால் அடுத்த ஞாயிறு பூசைக்குள் நெல்லித்தோப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அவருக்கோ எந்த நாளும் பேப்பர் வந்துவிடலாம். வந்தால் விமானம் ஏறிவிடுவார். அதற்குள் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்காவது சொல்லத் தைரியம் வர வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கும்வரை போய்ப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சாக்கு வேண்டும்.

அவர் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால்? அது ரிப்பேர் ஆகும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வாரம் ஒருமுறை ரிப்பேர் ஆகாமல் இருந்தால்தான் அதிசயம். ஆகாவிட்டாலும் ஆக்கத் தெரியாதவளா நான்?

முசேயிடம் போனேன். மூட்டை எல்லாம் ஸ்டோர்ஸில் இருக்கும்போது மூட்டைக் கணக்கு மட்டும் ஆபீசில் இருந்தால் எப்படி என்று கேட்டேன். அவருக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஆபீசில் உறை போட்டு மூடிவைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஸ்டோர்ஸுக்குக் கொடுத்துவிட்டார். கேபிள் இடதுபக்கம் போய் லூயி மேசையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர முப்பத்து நான்கு மீட்டர் கூடுதல். மொத்தம் நூற்றெண்பது. சட்டத்துக்கு உள்ளேதான். நான் ஒன்றும் பொறுப்பில்லாதவள் இல்லை, அப்போதைக்கு.

நான்காம் நாள் முசே கூப்பிட்டனுப்பினார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கேபிளை எந்தப் பக்கமாகக் கொண்டுபோகிறாய் என்று கேட்டார். கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, கெபிக்கு மேலே, என்றேன்.

"மாதா தலைக்கு மேல ஒயரு போகக்கூடாதும்மா," என்றார். "சுத்திக் கொண்டுபோயிடு."

நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. உடனே ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, ‘ஐயோ, எனக்கு ஏன் இது தோன்றவில்லை’ என்று கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். கெபியைச் சுற்றி, கேன்டீன் பின்பக்கமாகக் கேபிளைக் கொண்டுபோனால் முப்பத்தேழு மீட்டர் கூடுதல். புதிதாகக் கம்பம் நட வேண்டும், நாலு நாள் வேலை இழுக்கும். நாலு நாள் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மாதாவே எனக்காக மனசு வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மொத்தம் இருநூற்றுப் பதினேழு மீட்டர். முப்பத்திரண்டு மீட்டர் அதிகம்.

பாலு சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "அப்ப ஸ்டோர்ஸ வெட்டிடு" என்பார். அதனால் சொல்லவில்லை. டெம்போவை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். கேபிள் போட்டு முடித்து, ஒரு முனையில் ஒரு கம்ப்யூட்டரையும் மறுமுனையில் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் நன்றாகப் பேசிக்கொண்டன. பார்த்தாயா, வெள்ளைக்காரன் பயந்தாங்கொள்ளி! (இரண்டு பேர் மட்டும் ஏறின டெம்போ நன்றாகத்தான் ஓடும் என்பது அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.)

திறப்புவிழாவை மாதம் முதல் சனிக்கிழமையில் வைத்தார் முசே, மாதாவுக்கு உகந்த நாள். பங்கு சாமியார் வந்திருந்தார். தொழிற்பேட்டை முதலாளிமார் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பாலு சார் வாழ்க்கையில் முதல்முறையாக டை கட்டியிருந்தார். நான் அம்மாவின் பட்டுப்புடவையில் இருந்தேன். லூயி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டிப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வேலை முடிந்ததும் எப்படியாவது பேசிவிடுவது என்று இருந்தேன். என்ன பேசுவது என்பதை மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன்.

சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தாராளமான கை அவருக்கு. முன் ஆபீசில் கம்ப்யூட்டரின் முகத்தில் ஒரு கோடு தண்ணீர் வழிந்தது. எல்லோரும் கைதட்ட, முசே பட்டனைத் தட்டினார். அதே நேரத்தில் ஆறு மேசையிலும் ஆறு பேர் சரக்குக் கணக்கைத் திறக்க வேண்டும் என்பது பாலு சார் போட்ட திட்டம். ஆறு பேரும் ஒரே சமயத்தில் திறந்தார்கள்.

எல்லாம் நின்றுவிட்டது.

திரையில் ‘விட்டுவிடவா, மறுபடி முயலவா’ என்று கேட்டு ஒரு ஆங்கில வரி வந்து நின்றது. என்னம்மா சொல்லுது என்று சாமியார் கேட்டார். மறுபடியும் முயற்சி பண்ணவா என்று கேட்கிறது ஃபாதர் என்றேன். "நல்ல கேள்விதானே, பண்ணும்மா," என்றார். பண்ணினேன். மறுபடியும் அதே கேள்வி. பன்னிரண்டு தடவை கேட்டது. சாமியாரின் முகம் வாடிவிட்டது. தான்தான் தண்ணீரை அதிகமாகத் தெளித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அங்கியிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு குருவானவர் என் பாவத்துக்காகக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிடம் பூமி பிளந்திருந்தால் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே குதித்திருப்பேன்.

அங்கே நிற்க முடியாமல், எங்காவது கழன்றிருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஓடினேன். கேபிள் போன வழியே ஓட வேண்டும், கேபிளோ கெபியைச் சுற்றிப் போகிறது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் கேபிள் முனைக்குப் போடுகிற சின்ன மூடியோடு, வாயில் ‘மாதாவே மாதாவே’ என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு சுற்று ஓடினேன். எங்கேயும் கழலவில்லை. திரும்ப ஒரு சுற்று. அப்போதும் இல்லை. மூன்றாவது சுற்றில் பின்னால் செருப்பில்லாத கால்களின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பேக்கிங் பிரிவு செங்கேணி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்டு என் பின்னால் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனிக்காக நான் ஏதோ வேண்டுதல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்களாம். வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பொம்பளைகள், சுற்றுவது என்று வந்தால் சாமி பேதம் பார்க்க மாட்டார்கள். "எத்தினி சுத்தும்மா?" என்று கேட்டாள் செங்கேணி அக்கா, மூச்சு வாங்க.

பாலு சார் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"மேரி, மொத்தம் எவ்ளோ மீட்டரு?"

"இருநூத்திப் பதினேழு சார்."

அவர் டையைத் தளர்த்தினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எதை வெட்டலாம் என்று மட்டும் கேட்டார். கெபியைச் சுற்றுகிற கேபிளைத் தொடக்கூடாது, அது முசே வாக்கு. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு நடந்தேன். அவ்வளவு தூரத்தை நான் அதற்கு முன்னாலும் நடந்ததில்லை, அதற்கு அப்புறமும் நடந்ததில்லை. முன் ஆபீஸ் வாசலிலிருந்து அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூயி எழுந்து நின்றார். ஒத்திகை பார்த்த வசனத்தில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"உங்க மேசைய எடுக்கணும் சார்," என்றேன். "நீளம் அதிகமாயிடுச்சு."

"எவ்ளோ அதிகம் மிஸ்?"

"முப்பத்திரண்டு மீட்டரு."

அவர் ஜன்னல் வழியாகக் கெபியைப் பார்த்தார். "அந்த மாதா பக்கம் சுத்துறது..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. வெட்டுங்க," என்றார். கேபிள் ஆடாமலிருக்க அவரே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் வெட்டினேன்.

அவர் மேசையை விட்டுவிட்டு நேராக இணைத்ததும் நூற்றெண்பத்து மூன்று மீட்டர். ஐந்து கம்ப்யூட்டரும் குதிரை மாதிரி ஓடின. சாமியார் கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். முதலாளிமார் கைதட்டினார்கள். செங்கேணி அக்கா கெபிக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் கேன்டீன் பின்னால் போய் நின்று அழுதேன். யாராவது கேட்டால் கண்ணில் தூசி என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் மறுபடி உறைக்குள் போய்விட்டது. ரிப்பேர் ஆக ஒன்றுமில்லை, போக ஒரு சாக்குமில்லை. கொஞ்ச நாளில் அவருக்குப் பேப்பர் வந்துவிட்டது. கிளம்புகிறதற்கு முந்தின நாள் எங்கள் கம்பெனிக்கு வந்து பிஸ்கட் பாக்கெட் கொடுத்துச் சொல்லிக்கொண்டு போனாராம். நான் அன்றைக்கு வேறொரு கம்பெனியில் பரணில் உட்கார்ந்து கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். "மிஸ்கிட்ட சொன்னேன்னு சொல்லுங்க" என்றாராம். என்ன சொன்னதாகச் சொல்ல வேண்டும் என்று பாலு சார் கேட்டிருக்கலாம், அந்தப் புண்ணியவான் கேட்கவில்லை. பிஸ்கட்டை அவரே பாதி தின்றிருந்தார்.

எவ்வளவு நாள் ஏங்கினேன் என்று கேட்காதீர்கள். யாராவது ஏழு எழுதினால் வயிற்றில் கோடு இருக்கிறதா என்று பார்க்கிற வியாதி எனக்குப் பல வருஷம் இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல மனுஷர். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முப்பத்து நான்கு மீட்டரையும் சேர்த்துத்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டுப்புடவையோடு நான் கெபியைச் சுற்றியதும் பின்னால் செங்கேணி அக்கா வந்ததும் எங்கள் வீட்டு விசேஷங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் கட்டாயம் சொல்லப்படுகிற கதையாகிவிட்டது. அவர் சொல்லும்போது மூன்று சுற்று ஏழு சுற்றாகும், பின்னால் வந்த மூன்று பேர் முப்பது பேராவார்கள்.

போன ஜனவரியில் நெல்லித்தோப்பில் ஒரு கல்யாண வரவேற்பு. பிரான்சில் இருக்கிற நம் ஆட்கள் குளிருக்குத் தப்பி ஊருக்கு வருகிற காலம். பந்தியில் எனக்கு எதிரே ஒரு வழுக்கைத் தலை உட்கார்ந்தது. பக்கத்தில் அவர் மனைவி, பிரான்சிலேயே வளர்ந்த காரைக்கால் குடும்பத்துப் பெண். அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். "மிஸ்தானே?" என்றார்.

அங்கேயும் ஏதோ கிடங்கில் ஸ்டோர்ஸ் வேலைதானாம். இரண்டு பையன்களாம். என் வீட்டுக்காரருக்கோ தன் கதையின் கதாநாயகனையே நேரில் பார்த்துவிட்ட சந்தோஷம். பிரியாணி இலைக்கு வருவதற்குள் திறப்புவிழாக் கதையை ஆரம்பித்துவிட்டார். லூயி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மாதா தலைக்கு மேல ஒயரு போகக்கூடாதுன்னு முசே காதுல போட்டதே நான்தான் சார்."

"ஏன் சார், அவ்ளோ பக்தியா?" என்றார் இவர்.

"பக்தியா..." என்றார் லூயி. தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "பத்து நாள்ல வேல முடிஞ்சிடும்னாங்க. இன்னும் ஒரு நாலு நாள் இழுக்கட்டுமேன்னு பாத்தேன்."

இலையில் பிரியாணி விழுந்தது. யாரும் கைவைக்கவில்லை. லூயியின் மனைவி பிரெஞ்சில் என்னவோ கேட்டார், லூயி சுருக்கமாக ஏதோ பதில் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுத் தயிர்ப் பச்சடியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் மாதா திருநாளுக்கு அந்தக் கெபியில் மாதா தலையைச் சுற்றிச் சீரியல் பல்பு எரியும். ஒயர் இல்லாமலா எரிந்தது? என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மாதா பேரைச் சொன்னதும் கேள்வி கேட்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டவளை என்னவென்று சொல்ல!

வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பினோம். கடைத்தெரு தாண்டியதும் இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்.

"மேரி, நீ மட்டும் சுத்தியிருந்தா மொத்தம் எவ்ளோ?"

"நூத்தியெண்பது."

"அவரு மட்டும் சுத்தவச்சிருந்தா?"

"நூத்தியெண்பத்தி மூணு."

"ரெண்டும் பாஸ்தான்," என்றார். கணக்கு வாத்தியார் இல்லையா. கொஞ்ச தூரம் போனதும், "ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வாயத் தொறந்திருக்கலாம்," என்றார். குரலில் கிண்டல் இல்லை. நான் இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இவர்மேலும் பிரியம்தான், அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே வண்டியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. நான் குழம்புக்கு உப்புப் போட்டிருப்பேன். நான் மறந்திருப்பேன் என்று நினைத்து இவரும் வந்து சத்தமில்லாமல் ஒரு கை போட்டுவிட்டுப் போயிருப்பார். சாப்பிட உட்கார்ந்ததும் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "கேபிள் நீளமாயிடுச்சு!" என்று கத்துவாள். ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லாமல் இரண்டு பேரும் பால் வாங்கிவந்தாலும் அதே கத்தல், இரண்டு பேரும் அவள் பீஸை ஒரே மாதத்தில் கட்டித் தொலைத்தாலும் அதே கத்தல். இப்போது அத்தை வீடு, சித்தப்பா வீடு வரைக்கும் இது பரவிவிட்டது. அங்கே பாதிப் பேருக்கு இது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன, சிரிப்பான விஷயம்தானே. குழம்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, வெந்நீர் விட்டு, ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக் கிளறுவேன். கிளறிக்கொண்டே சில நாள் அப்படியே நின்றுவிடுகிறேன் போலிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இவர் கூடத்திலிருந்து எழுந்து வந்து, என்ன என்று கேட்காமல், என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொள்வார்.